பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கனம்

ஜெர்மனி விமான நிலையத்து வாசலில் என் மகள் கொண்டுவந்து நிறுத்திய காரைப் பார்த்ததும், நாங்கள் போகப்போகிற வண்டி இதற்குப் பின்னால் வருகிறது போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். பின்னால் ஒன்றும் வரவில்லை. இதுதான். கத்திரிப்பூ நிறத்தில், தரையோடு ஒட்டிக்கொண்டு, ரெண்டே கதவோடு ஒரு கார்.

“ஏட்டி கோமதி, இதுலயா மூணு பேரும் மூட்டையும்?” என்றேன்.

“மூணு பேரு போயிரலாம்மா. மூட்டைதான் யோசிக்கணும்.”

வடகம், மிளகாய்ப்பொடி, கருப்பட்டி, புது வீட்டுக்குப் பால் காய்ச்ச வெங்கலப் பானை என்று நான் கொண்டுபோனது இரண்டு பெரிய பெட்டி. டிக்கியில் ஒன்றுகூட முழுசாக நுழையவில்லை. கடைசியில் மாப்பிள்ளை பெட்டிகளைப் பிடுங்கிக்கொண்டு, “நான் ரயில்ல வாரேன் அத்தை, நீங்க கார்ல போங்க” என்று கிளம்பிவிட்டார். எனக்கு உடம்பு கூசியது. மாப்பிள்ளையை மூட்டை சுமக்க வைத்துவிட்டு மாமியார் காரில் போவதா? ஆனாலும் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே நின்று பேசுவது வழக்கமில்லை. இந்தக் காலத்துப் பெண்கள் பேசுகிறார்கள், நான் பழகவில்லை. மாப்பிள்ளைக்கு ஊர் ராயகிரி, எங்கள் பக்கம்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் பேசியது மூன்றே பேச்சுத்தான். வந்தால் “வாங்க.” இலை போட்டால் “சாப்பிடுங்க.” ஏதாவது யோசனை கேட்டால் “நீங்க பாத்துச் செஞ்சா சரிதான்.” அதற்குமேல் கோமதி வழியாகத்தான் போகும்.

மாவாட்ட உட்காருவதுபோல் குனிந்து, காரின் முன்சீட்டில் இறங்கினேன். ஆமாம், ஏறவில்லை, இறங்கினேன். ரோடு என் கால்மாட்டிலேயே ஓடியது.

ஊர்களைத் தாண்டி மலைப்பாதை வந்ததும் கோமதியின் முகம் மாறியது. கல்யாண வீட்டில் மேளச்சத்தம் கேட்டவள் மாதிரி. ஒவ்வொரு வளைவிலும் வண்டி நுழைந்து வெளியே வரும்போது முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளியதுபோல் இருந்தது.

“தெரியுதாம்மா? பின்சக்கரம்தான் தள்ளுது. முன்சக்கரத்துக்குத் திரும்புறது மட்டுந்தான் வேலை. நம்ம லோடு வண்டி மாதிரிதான்.”

என் வீட்டுக்காரர் இருந்தபோது தறிக்கூடங்களுக்கு நூல்கட்டு ஏற்றும் லோடு வண்டி ஒன்று வைத்திருந்தார். அதில்தான் இவள் ஓட்டப் பழகினாள். மழை பெய்தால் கரிசல் ரோட்டில் வண்டியின் பின்பக்கம் வாலை ஆட்டும். இவள் பயப்படாமல் ஸ்டீரிங்கைத் திருப்பிப் பிடித்து நேராக்குவாள். எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் அதைப் பார்த்து, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது என்று கேட்டவர்கள் உண்டு. இங்கே வந்து வேலைக்குச் சேர்ந்ததும், கல்யாணத்துக்கு முன்னாலேயே, தான் சேர்த்ததில் அவள் வாங்கிய பழைய கார் இது. நகை கேட்கவில்லை, இதைத்தான் வாங்கினாள்.

ஸ்டுட்கார்ட் பக்கம் மலைமேல் ஒரு கிராமத்தில் அவர்கள் வீடு வாங்கியிருந்தார்கள். பால் காய்ச்ச நான் வந்தால்தான் ஆச்சு என்று கோமதி ஒரே பிடிவாதம். வீடு நல்ல வீடு. ஆனால் கீழ் ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போக ஒரு மேடு. வாசுதேவநல்லூரில் குளத்துக்கரை ஏறுவோமே, அதைப்போல நாலு மடங்கு இருக்கும். நடுவில் ஒரு கொண்டை வளைவு வேறு.

மறுநாள் பால் பொங்கியது. பொங்கியதும் காருக்கும் ஒரு பூசை போட்டுவிடலாம் என்று எலுமிச்சம்பழம் கேட்டேன். வலைப்பையில் மஞ்சளாக, கோழிமுட்டையைவிடப் பெரிசாக நாலு பழம் வந்தது. சங்கரன்கோவில் கோயிலில் எடுத்த புற்றுமண் பொட்டலத்தை வண்டிக்குள் முன்பக்கத்து அறையில் வைத்தேன். பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கப் போனபோது கோமதி தடுத்தாள்.

“பின்சக்கரத்துக்கு மட்டும் வைம்மா. அதுதான வேலை பாக்குது.”

“சம்பளம் வாங்குறவனுக்கு மட்டும் போனஸாக்கும்,” என்றார் மாப்பிள்ளை.

ரெண்டு பழம் வைத்தேன். இவள் ஏறி உட்கார்ந்து ஒரு உறுமு உறுமி எடுத்தாள் பாருங்கள், சக்கரம் வழுக்கிச் சுற்றி, ஒரு பழம் நசுங்கின வேகத்தில் பறந்துபோய் பக்கத்து வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டுப் பெரியவர் வெளியே வந்து சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் ஏதோ சொல்ல, கோமதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்னட்டி சொல்லுதாரு?”

“‘நல்ல வண்டி. சாமிக்கும் பிடிச்சிருக்கு’ங்காரு.”

அவர் பெயர் வால்டர். அவரிடமும் இதே ஜாதிக் கார், இதைவிடப் பழசு, ஷெட்டில் போர்வை போர்த்தி நின்றது. சுவரில் எலுமிச்சம்பழம் அடித்ததற்கு ஞாயிற்றுக்கிழமை எங்களையே விருந்துக்குக் கூப்பிட்டார். அவர் மனைவி மாவை நம் சேவுநாழி போன்ற ஒன்றில் போட்டு, கொதிக்கிற தண்ணீரில் பிழிந்து எடுத்தாள். பார்க்க மணிக்கொழுக்கட்டை. நாக்கில் உறைப்பே இல்லை. மாப்பிள்ளை ஜேபியிலிருந்து என்னுடைய மிளகாய்ப்பொடியை ரகசியமாக எடுத்துத் தூவிக்கொண்டார். எனக்கும் ஆசைதான். எப்படிக் கேட்பது? வெறுமனே தின்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கையிலேயே பேச்சு காருக்குப் போனது. இந்தக் காரின் புது மாடலில் நாலு சக்கரமும் இழுக்கும்படி செய்துவிட்டார்களாம். பழசைக் கொடுத்துவிட்டு அதை வாங்க வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு எண்ணம். வால்டர் தலையை ஆட்டினார். கோமதி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“முன்சக்கரம் திரும்பவும் செய்யணும், இழுக்கவும் செய்யணும்னா ரெண்டையும் அரைமனசாத்தான் செய்யும்ங்காரு. கனம் கூடிரும். அப்புறம் வண்டிக்கும் ஓட்டுறவளுக்கும் நடுவுல பேச்சு குறைஞ்சு போயிரும்ங்காரு.”

மாப்பிள்ளை விடவில்லை. “பனியில பாதி ரோட்ல குறுக்க நின்னுக்கிட்டு வண்டிகூட என்ன பேச்சு வேண்டியிருக்கு? புதுசும் நல்லாத்தான் ஓடும். சாதாரணமா பின்சக்கரந்தான் தள்ளும். வழுக்குனா மட்டும் முன்சக்கரம் கைகொடுக்கும்.”

“பனி விழுந்தா நான் வண்டியைப் போர்த்திட்டு பஸ்ல போறேன். ஊர்ல பஸ் இருக்கையில காரை எதுக்குப் பஸ்ஸாக்கணும்?” என்றார் வால்டர்.

“இவளுக்கு விடியமுன்ன ஷிப்டு. அந்நேரம் பஸ் கிடையாது.” என்றார் மாப்பிள்ளை. வால்டர் இன்னும் கொஞ்சம் கொழுக்கட்டையை என் தட்டில் வைத்தார்.

பஸ் என்றதும் நினைவு வருகிறது. ஒருநாள் தனியாகப் போய்ப் பார்க்கலாம் என்று பக்கத்து ஊர்வரை பஸ்ஸில் போனேன். இறங்கும் இடம் வந்தது, பஸ் நின்றது, கதவு திறக்கவில்லை. பட்டனை அமுக்கினால்தான் திறக்குமாம். எனக்கு யார் சொன்னார்கள்? சத்தம் போட வெட்கம். அப்படியே நின்றேன், பஸ் கிளம்பிவிட்டது. நம்ம ஊர் மினிபஸ் என்றால் நான் சீட்டைவிட்டு எழுந்திருக்கும்போதே கண்டக்டர் “ஆச்சி எறங்குது, ஓல்டான்” என்று ஊரைக் கூட்டியிருப்பான். முக்காடு போட்ட ஒரு துருக்கிக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அடுத்த நிறுத்தத்தில் பட்டனை அமுக்கி, கூடவே இறங்கி, எதிர்ப் பஸ்ஸில் ஏற்றியும் விட்டாள். அவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிறகு பனி வந்தது. அன்றைக்குக் கோமதியும் நானும் யாழ்ப்பாணத்துக்காரர் கடைக்குப் போயிருந்தோம். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்கினோம். கடைக்கார அம்மா, “அம்மா, கெதியா வீட்டை போங்கோ, கொட்டப் போகுது” என்று அவசரப்படுத்தினாள். திரும்பும்போது பஞ்சு பறப்பதுபோல் ஆரம்பித்தது. நூற்பாலையில் பார்த்ததுபோல் இருக்கிறதே என்று நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டடிக்கு வரும்போது ரோடு வெள்ளையாகிவிட்டது. உப்புத் தூவும் வண்டி இன்னும் வரவில்லை.

பனிக்கான டயர்தான் போட்டிருந்தது. ஆனாலும் கொண்டை வளைவில் வண்டியின் பின்பக்கம் மெதுவாக விலகியது. பழைய கரிசல் ரோட்டு வாலாட்டம்தான். கோமதி ஸ்டீரிங்கைத் திருப்பிப் பிடித்து வண்டியை நேராக்கினாள். நேராக்கிவிட்டாளே தவிர, வண்டி ஏறவில்லை. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது.

“பின்னாடி கனம் இல்ல மக்கா,” என்றேன். “நம்ம வண்டி சகதியில மாட்டுனா உங்கப்பா நாலு பேரைப் பின்னாடி ஏத்துவாகள்ல?”

“நாலு பேருக்கு எங்கம்மா போக?”

“நான் ஒருத்தி நாலு பேருதான்.”

இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகி, முன்சீட்டை மடக்கி, அந்தப் பின்சீட்டுக்குள் என்னைத் திணித்துக்கொண்டேன். சின்னப் பிள்ளைகளுக்கென்று செய்த சீட்டு. முழங்கால் தாடையில் முட்டியது. மடியில் முருங்கைக்காய்க் கட்டு. கோமதி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ஸ்டீரிங்கில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். “சிரிக்காதட்டி, எடு,” என்றேன். மெதுவாக எடுத்தாள். சக்கரம் ஒருதரம் வழுக்கியது, பிடித்தது, ஏறியது. வளைவைத் தாண்டி மேலே வரும்வரை ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போல் கத்திக்கொண்டே வந்தோம். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. என்னையும்தான்.

அந்தச் சந்தோஷம்தான் என் வாயைத் திறந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டில், முருங்கைக்காய்க் குழம்பை ஊற்றிக்கொண்டே, மாப்பிள்ளைக்கு நேராக நின்று, “இன்னைக்கு ஒரு கூத்து நடந்துச்சு மாப்ள” என்று தொடங்கிவிட்டேன். வண்டி வாலை ஆட்டியது, குறுக்கே நின்றது, நான் மூட்டையாகப் பின்னால் போனது, எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் பேசிய முதல் கதை அது. கோமதி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நான் அது என்னவென்று கவனிக்காமல் பாக்கியையும் சொல்லி முடித்தேன்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

“அந்த வளைவுக்குக் கீழ பள்ளம் தெரியும்ல கோமதி?”

“தெரியும். நான் பிடிச்சு நிறுத்திட்டேன்ல?”

“இன்னைக்குப் பிடிச்ச. உங்கம்மாவை வச்சுக்கிட்டு.” சத்தமே உயர்த்தவில்லை அவர். என் பக்கம் திரும்பினார். “அத்தை, இவ விடியமுன்ன கிளம்பிப் போயி, ‘வந்துட்டேன்’னு போன்ல போடுற வரைக்கும் எனக்கு உறக்கம் கிடையாது. குளிர்காலம் பூரா இப்படித்தான். வண்டியை மாத்துறது தப்பா? நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா இவ கேப்பா.”

கோமதியும் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மேட்டில் கண்ணாடி வழியாகப் பார்த்த அதே கண்.

சொல்ல வேண்டியது எனக்குத் தெரியாமல் இல்லை. ‘அது அவ வண்டி மாப்ள, அவகூட இன்னுங் கொஞ்சம் பேசுங்க.’ இவ்வளவு போதும். ஆனால் கதை சொன்ன வாய் அதற்குள் அடைத்துப்போய்விட்டது. தரையைப் பார்த்தேன். பழகின பேச்சு தானாக வந்தது.

“நீங்க பாத்துச் செஞ்சா சரிதான் மாப்ள.”

ஊரில் இதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. மாமியார் வாயில் வரும் மரியாதை, அவ்வளவுதான். இலையில் கடைசியாக வைக்கும் அப்பளம் மாதிரி. ராயகிரிக்காரருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அவர் பயந்துபோயிருந்தார். அவருக்கு ஒரு ‘சரி’ தேவையாக இருந்தது, என்னுடையதை எடுத்துக்கொண்டார். கோமதி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “சரி, மாத்திருவோம்,” என்றாள்.

அந்த வாரமே காரை விற்கும் கடைக்குப் போனோம். கடை என்றால் கண்ணாடி மண்டபம். கூழாங்கல் நிறத்தில் அதே மாதிரிப் புது வண்டி நின்றது. விற்கிற பையன் கோட்டுப் போட்டுக்கொண்டு மெல்லப் பேசினான். ஒரு பட்டனை அமுக்கினால் முன்சக்கரம் சும்மா இருந்துகொள்ளுமாம், பின்சக்கரம் மட்டும் தள்ளுமாம். பழசும் இதற்குள்ளேயே இருக்கிறது, ஒன்றும் போய்விடவில்லை என்றானாம். எனக்கு மனசு லேசானது.

“நல்லதுதானட்டி? நம்ம ஊர்ச் சாமி மாதிரி. ஒரு பாதி சிவன், ஒரு பாதி பெருமாள். ரெண்டும் ஒரே உடம்புல.”

“சாமி பட்டன் அமுக்கி மாறாதும்மா,” என்றாள் கோமதி. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பட்டனை அமுக்கியும் பார்த்தாளாம். “தள்ளத்தான் செய்யுது. ஆனா முன்னாடி அந்தக் கனம் உக்காந்துதான இருக்கு. வேகமாத்தான் போகுது. குறை சொல்ல ஒண்ணுமில்ல.” குறை சொல்ல ஒன்றுமில்லாததுதான் குறை என்பதுபோல் இருந்தது அவள் முகம்.

பழைய வண்டியை விட்டுவரப் போன அன்றைக்கு வால்டர் வெளியே வந்து, கத்திரிப்பூ நிறத்தின்மேல் இருந்த பனியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கோமதி அதைத் தமிழில் சொல்லவில்லை.

“புத்துமண்ணை எடுத்துக்கிட்டியா?” என்று மட்டும் கேட்டேன்.

“இல்லம்மா. அது அந்த வண்டிக்குக் கொண்டுவந்தது. அதுலயே போட்டும்.”

புது வண்டிக்கும் பூசை போட்டேன். நாலு சக்கரத்துக்கும் நாலு பழம். கோமதி ஏறி எடுத்தாள். உறுமல் இல்லை, வழுக்கல் இல்லை. நாலு பழமும் இருந்த இடத்திலேயே, ஒரே மாதிரி, தோசை மாதிரி நசுங்கிக் கிடந்தன. வால்டர் வீட்டுச் சுவர் சுத்தமாக இருந்தது. மாப்பிள்ளைக்கு நிம்மதி. அன்றிலிருந்து விடியற்காலையில் அவருடைய குறட்டை என் அறைவரை கேட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது, செய்தது சரிதான் என்றும் தோன்றும். கோமதி வேலைக்குக் கிளம்பும் சத்தத்தைக் கேட்கும்போது தோன்றாது. முன்பெல்லாம் கிளம்பும்போது வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு போவாள்.

மாப்பிள்ளையிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயார் செய்துவைத்திருந்தேன். பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ‘அன்னைக்கு நான் சொன்னது மரியாதைக்குச் சொன்னது மாப்ள.’ அவர் சமையலறைக்கு வருவார். “என்ன அத்தை, தண்ணி வேணுமா?” என்பார். “சாப்பிடுங்க” என்பேன்.

ஊருக்குக் கிளம்பிய அன்றைக்கும் பனி கொட்டியிருந்தது. மாப்பிள்ளை முன்கதவைத் திறந்து, “அத்தை, நீங்க முன்னாடி வசதியா உக்காருங்க” என்றார். நான் கேட்காததுபோல் பின்சீட்டுக்குள் நுழைந்துகொண்டேன். இந்த வண்டியிலும் முழங்கால் தாடையில்தான் முட்டியது. கீழ் ரோட்டுக்கு வந்தபிறகு, மூக்குக்கண்ணாடியை அடுப்படியிலேயே வைத்துவிட்டு வந்தது நினைவு வந்தது. கோமதி வண்டியைத் திருப்பினாள்.

மறுபடியும் அந்த மேடு. ரோடு அன்றைக்குப் போலவே வெள்ளையாகக் கிடந்தது. கொண்டை வளைவு வந்ததும், என்னை அறியாமல் முதுகைச் சீட்டோடு அழுத்தி, முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, என் உடம்பின் கனத்தையெல்லாம் பின்னால் கொடுத்தேன்.

கோமதி கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

“சும்மா உக்காரும்மா,” என்றாள். “இது தானா ஏறும்.”